மூன்று படத்தில் ஒரு சிரிப்பு

என் சிரிப்புக்கு மூன்று படம் போதும் என்று சொன்னவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. பாராட்டுகிறாரா, வம்புக்கு இழுக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டே விட்டேன். கம்ப்யூட்டரில் வரைந்து அசைய வைப்பதென்றால், வாய் மூடியிருக்க ஒரு படம், பாதி திறந்து ஒன்று, பல் தெரிய ஒன்று, பிறகு அதையே கடைசியிலிருந்து முதலுக்குக் காட்டினால் சிரிப்பு அடங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் சிரிப்பை அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்றுதானா என்று எனக்குக் கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். வாசலில் நான். உள்ளே குளிர்சாதன அறையில் அவர். என் வேலை, வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது, டைப்பிங் சொல்லிக்கொடுப்பது, போனை எடுப்பது. அவருக்கு லேப் பொறுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் லேபுக்குள் போக வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் தூசி ஆகாது என்று காரணம் சொன்னாலும், ஏறக்குறைய கோயில் மாதிரித்தான் எல்லோரும் நடந்துகொண்டார்கள். மதிய இடைவேளையில் பிள்ளைகளின் செருப்பெல்லாம் போய்விடும். அவருடைய பழுப்பு நிற ரப்பர் செருப்பு மட்டும் கதவோரம் கிடக்கும். உள்ளே அவர் கேம் செய்துகொண்டிருப்பார்.

அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் கேம் என்றாலே வெளிநாட்டுக்காரன் செய்து அனுப்புவது என்றுதான் நினைப்பு. அம்பத்தூரில் ஒரு மனிதர் தயிர்சாத டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மவுஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக ஒரு எருமை மாட்டை வரைவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எருமைக்கு அவர் கொடுத்தது இரண்டே படம். வால் இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம். பாவம், அது தலையையாவது ஆட்டட்டுமே என்றேன்.

"ஆட்டலாம் மேடம். ஃப்ளாப்பியில எடம் வேணாமா? நடுவுல இருக்கறதை நாம வரைய வேண்டாம். கண்ணே போட்டுக்கும்."

இதுதான் அவருடைய வேதம். அசைவு வழுவழுப்பாக இருக்க வேண்டுமானால் படம் நிறைய வேண்டும். படம் நிறைய ஆனால் உள்ளங்கை அகல ஃப்ளாப்பித் தட்டு கொள்ளாது. ஆகவே எதை எடுத்தால் தெரியாது என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற ஒருவர், புதுக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுக்க ஒரு கேம் இருந்தால் நல்லது என்று இவரிடம் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டும். இரண்டு என்றால் வாங்குகிறவன் ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்து சண்டை போடுவானாம்.

கேமில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் குட்டைகளைத் தாண்டி, எருமைகளைச் சுற்றி, ஃபேக்டரி விட்டு மொத்தமாக வரும் சைக்கிள் கூட்டத்துக்குள் புகுந்து, குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள் கையை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒருவனிடம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். சுடுவது, வெட்டுவது ஏதும் கிடையாது. அந்தப் பெண் வலது பக்கம் ஓடுகிற படங்களை மட்டும் வரைந்துவிட்டு, இடது பக்கம் ஓடுவதற்கு அதையே கண்ணாடி மாதிரித் திருப்பிக்கொள்வார். அதில் ஒரு சிக்கல். முதலில் அவளுக்குத் தோளில் ஒரு பை மாட்டியிருந்தார். திருப்பினால் பை அடுத்த தோளுக்குத் தாவியது. பையை எடுத்துவிட்டார். ஒற்றைச் சடையும் அப்படியே தாவியது. இரட்டைச் சடை போட்டுவிட்டார். புத்தகமே இல்லாமல் பள்ளிக்கூடம் போய் வரும் பெண்ணை நான் அங்கேதான் பார்த்தேன். சைக்கிள்களுக்குச் சக்கரம் சுற்றாது. மழைக்குச் சத்தம் கிடையாது. பாட்டைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் முதலில் தூக்கியிருந்தார்.

ஆளும் அப்படித்தான். குட்மார்னிங் என்று முழுசாகச் சொல்ல மாட்டார், தலையைக் கொஞ்சம் இறக்குவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான் கோபம். முகத்தில் ஒன்றும் ஓடாது. ஆனால் மற்றவர்களை அப்படிப் பார்ப்பார்! பஸ் ஸ்டாப்பில் என்னோடு நிற்கும்போது, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்கு இவ்வளவு படம், பூக்காரம்மா முழம் போடுவதற்கு இவ்வளவு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் எங்கள் முதலாளி மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்து, இவருக்குத் தொந்தி மட்டும் வந்தால் போதும், மீதியைக் கண் போட்டுக்கொள்ளும் என்றார். நான் ரிஜிஸ்டரால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அவருக்கு ஒரு முறை காய்ச்சல். லேப் சாவி அவரிடம் இருந்ததால் முதலாளி என்னை வாங்கிவரச் சொன்னார். திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறை. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர், சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சும்மா ஆட்டவில்லை. இரண்டு கையையும் கூரை மாதிரிச் சேர்த்தார், பிரித்தார், நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார், எதையோ தூக்கினார். திரும்பவும் முதலிலிருந்து. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நான் பயந்தே போனேன். படியில் செருப்பைத் தட்டினேன். அவர் திரும்பி, வாங்க மேடம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

காபி எனக்கு மட்டும் வந்தது. உங்களுக்கு என்றேன். டம்ளர் ஒன்றுதான் இருக்கிறது, நீங்கள் குடித்ததும் கழுவிக்கொள்கிறேன் என்றார். அறையில் எல்லாமே ஒன்றுதான். ஒரு தட்டு, ஒரு நாற்காலி. நான் நாற்காலியில் உட்கார, காய்ச்சல்காரர் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. சும்மா இருக்க முடியாமல், கண்ணாடியில் யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டுவிட்டேன். தங்கச்சிகிட்ட என்றார்.

அப்போதுதான் சொன்னார். அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பார்த்து, சரிவரவில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸுக்குள் அண்ணனும் தங்கையுமாக ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். ஃபேக்டரிச் சங்கு ஊதியதும் இவர் அவள் தோளைத் தொட்டு, கைகளைத் தேய்த்துத் துடைப்பார். அப்பா கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறார் என்று அர்த்தம். சாயங்காலத்துக்கும் அதே சைகைதான். கூரை என்றால் வீடு. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால் நான். கொண்டியைத் தூக்கினால் கேட் திறந்திருக்கிறது, வா. உலகத்திலேயே அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அப்பாவுக்குக்கூடப் பாதிதான் தெரியுமாம்.

தங்கைக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் காது கேட்கும், நல்ல மாதிரி, கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கிற டி.டி.பி. கடை சொந்தமாக இருந்தது. அப்பாவும் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இவர் இங்கே வந்துவிட்டார். தூரம், லீவு, செலவு என்று போக்குவரத்துக் குறைந்துபோனது.

"தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத்து வந்துடுச்சு மேடம். எல்லாரும் பேசறாங்க. நான் மாப்பிள்ளைகிட்டத்தான் பேசணும். அவ நல்லா இருக்கான்னு சொல்றாரு. அது ஒரு படம்தான். நடுவுல என்னன்னு எனக்குத் தெரியலை. அங்க அவளுக்குப் பேச யார் இருக்கா?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கேமில் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு உள்ளே ஒரு ஆள் நிற்கிறானே, அவன் கை ஏன் அசைந்துகொண்டே இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தப் பெண் வந்து சேர்ந்ததும் அண்ணன் சொல்கிறான், சாயங்காலம் ஆகிவிட்டது, வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், கேட் திறந்திருக்கிறது, வா. மாப்பிள்ளை கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் போட்டால் தங்கை பார்ப்பாள். போனில் முடியாததை ஃப்ளாப்பியில் அனுப்புகிறார். டம்ளரைக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது.

கேட்டில் நிற்கும் ஆள்தான் ஃப்ளாப்பியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் முகம் வரைந்தது ஒரே தடவை. அசைகிற கையை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்து அந்த இடத்தில் ஒட்டுவார். அப்படியும் கேம் ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்கவில்லை. கடைசியில் கை அசைவில் ஒன்று விட்டு ஒன்றாகப் படங்களை எடுத்துவிட்டார். போட்டுப் பார்த்தார். எடுத்தது தெரியவே இல்லை என்று திருப்தியாகச் சொன்னார். எனக்கு அந்தக் கை ஏதோ படபடவென்று அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு தெரியாத நான் என்னத்தைச் சொல்வது? ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போகும் முன், அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒரு ஃப்ளாப்பியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்.

பதில் மாப்பிள்ளையின் கையெழுத்தில் ஒரு போஸ்ட் கார்டில் வந்தது. சென்டர் முகவரிக்குத்தான் வந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கேம் நன்றாக வேலை செய்கிறது, தங்கைக்கு அந்த இரட்டைச் சடைப் பெண்ணை மிகவும் பிடித்திருக்கிறது, கேட்டில் நிற்பவர் கொசு அடிக்கிறாரா என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு என்னிடம், தான் என்ன சொல்கிறோம் என்று தனக்கு முன்னாலேயே தெரியும், அதனால்தான் தன் கண் நடுவில் போட்டுக்கொண்டது, அவளுக்கு எங்கிருந்து போட வரும் என்றார். அன்றைக்குத் தயிர்சாத டப்பா திறக்கப்படவே இல்லை.

மறுநாளிலிருந்து வெட்டு வேறு பக்கம் திரும்பியது. கைக்கு எடுத்த படங்களையெல்லாம் திரும்பச் சேர்த்தார், கூடுதலாகவும் வரைந்தார். அதற்கு இடம் வேண்டுமே? எருமை வால் நின்றது. சைக்கிள் கூட்டம் ஒரே சைக்கிள் ஆனது. குட்டைகள் குறைந்தன. கடைசியில் அந்தப் பெண்ணின் ஓட்டத்தையே இரண்டு படமாக்கிவிட்டார். அவள் கட்டிய காலோடு தத்தித் தத்திப் போனாள். கேட்டில் நின்றவன் கை மட்டும் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. முதலாளி ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார் இது, அந்தப் பொண்ணு நொண்டிகினு போவுது. கேட்டாண்ட நிக்கிறவன் மட்டும் டான்ஸ் ஆடிகினு கீறான். அவனால இன்னா யூஸு?"

ரிச்சி தெருக்காரரும் அதையேதான் சொன்னாராம். அந்த ஆளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். தங்கைக்கு ஒரு காப்பி, கடைக்கு ஒரு காப்பி என்று செய்யக்கூடாதா என்று நான் சண்டைகூடப் போட்டேன். அண்ணன் இல்லாத வீட்டுக்கு அவள் எதற்கு ஓடி வர வேண்டும் என்று கேட்டார். ரிச்சி தெரு விஷயம் அதோடு முடிந்தது.

புது ஃப்ளாப்பியை அவர் தபாலில் போடுவதற்குள் தங்கையே வந்துவிட்டாள். ஆயுத பூஜைக்குக் கடையை மூடிவிட்டு, கணவனும் மனைவியுமாகக் கிளம்பி வந்திருந்தார்கள். எங்கள் சென்டரிலும் அன்றைக்குப் பூஜை. ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம், கீபோர்டின் மேல் ஒரு ரோஜா. பிள்ளைகள் பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். இவர் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலாளி தங்கையைப் பார்த்தார். அவள் மானிட்டர்களுக்கு வைத்திருந்த குங்குமத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி ஒண்ணும் கோச்சுக்காது. ஆன் பண்ணு சார்," என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

தங்கை நல்ல உயரம். ஒற்றைப் பின்னல், நிறையப் பூ. ரோஜாவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். தத்துகிற பெண்ணைத் தட்டித் தட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். கேட் வந்தது. உள்ளே நின்ற அண்ணன் கைகளைத் துடைத்தான், கூரை போட்டான், நெஞ்சைத் தொட்டான், கொண்டியைத் தூக்கினான். அவள் ஒரு கணம் அசையவில்லை. பிறகு கலகலவென்று சிரித்து, பக்கத்தில் நின்ற அண்ணனின் கையில் ஓர் அடி போட்டு, தானும் கொண்டியைத் தூக்கிக் காட்டினாள். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதோடு நின்றிருக்கலாம். அவள் பேச ஆரம்பித்தாள். கையா அது! விரல் தனியாக, மணிக்கட்டு தனியாக, புருவம், உதடு, தோள் எல்லாம் சேர்ந்து பேசின. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில், இவருக்குப் புரிகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் நிறுத்திக் கேள்வி கேட்டது போலிருந்த இடத்திலும் அவர் தலையாட்டினார். அவள் திரும்பக் கேட்டாள். அதற்கும் தலையாட்டினார்.

மாப்பிள்ளைதான் நடுவில் வந்தார். "வீட்டுக்குப் பக்கத்துல காது கேக்காதவங்க சங்கம் ஒண்ணு இருக்குதுங்க மச்சான். வாரா வாரம் போயிருவா. பேச உட்காந்தா எந்திரிக்கவே மாட்டாங்க. அங்க கத்துக்கிட்டதுங்க இதெல்லாம். நானே பாதிதான் புடிப்பேன்."

பிறகு அவள் கையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் இன்னும் சின்னப் பிள்ளையாட்டம் பேசறாராம். கேட்டில் நிற்கிற ஆளுக்கு மூஞ்சி ஏன் அசையவில்லை என்று கேட்கிறாள். முகத்தை விட்டுவிட்டால் பேச்சில் பாதி போச்சாம்.

"எடமில்லைன்னு சொல்லுங்க," என்றார் அவர். சொந்தத் தங்கையிடம் சொல்வதற்கு இன்னொருவரிடம் சொல்லி அனுப்பினார்.

அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ரொம்பச் சிக்கனமாக எதையோ கேட்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார்.

"இங்க உங்களுக்குப் பேசறதுக்கு ஆளு இருக்குதான்னு கேக்கறாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றப் போனார், கழற்றவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார். காட்டிவிட்டுச் சிரித்தார். வாய் மூடியிருந்தது, பாதி திறந்தது, மறுபடி மூடிக்கொண்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், பஸ் ஸ்டாப்பில் கொஞ்சம். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அடுத்து வரும் தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது, வேலையை விடப் போகிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை ஆட்டோ பார்க்கக் கீழே இறங்கினார். தங்கை எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து என்னைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். எனக்காக ரொம்ப நிதானமாக, ஒரு அசைவையும் விழுங்காமல், முகத்தோடு சேர்த்து எதையோ சொன்னாள். கடைசியில் அண்ணன் பக்கம் கையைக் காட்டி, உள்ளங்கையை என் நெஞ்சின் மேல் வைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கும் தலையாட்டினேன். அவளுக்குத் திருப்தி. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி படியிறங்கிப் போனாள்.

அவர் மானிட்டரை அணைத்தார். கலைந்துபோன குங்குமத்தை விரலால் சரிசெய்தார். ரோஜா இருந்த இடத்தில் கொஞ்சம் பொரியை வைத்தார். நான் பொறுக்க மாட்டாமல், என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"தெரியலை மேடம்," என்றார். "நடுவுல எதையும் உடாமத்தான் சொன்னா. எனக்குத்தான் தெரியலை."